கடல்தண்ணில பிளாங்டன் எடுக்கப்போறீங்களா? முதல்ல ஆத்துவாய் திறந்திருக்கா எண்டு கேளுங்க

கல்லடியில நிண்டு பார்த்தா ஒரு பக்கம் கடல், மற்றப்பக்கம் வாவி, நடுவில கொஞ்ச நேரத்தில நடந்து கடக்கிற அளவு நிலம்தான். கச்சான் காத்து வீசுற மாசங்கள்ல கடல்பக்கம் தண்ணி நீலமாத் தெளிஞ்சு கிடக்கும், வாவிப்பக்கம் கீரை அவிச்ச தண்ணி மாதிரிப் பச்சை. ரெண்டிலயும் ஒரு போத்தல் எடுத்து மைக்ரோஸ்கோப்புக்குக் கீழ வெச்சா ரெண்டு வேற உலகம். இந்த வித்தியாசத்தைச் செய்யிறதுதான் ஃபைட்டோபிளாங்டன், அதாவது தண்ணி போற போக்கில மிதந்துகொண்டு வெயிலைப் பிடிச்சுச் சாப்பாடு செய்யிற நுண்ணுயிர்கள். உலகத்தில நடக்கிற மொத்த ஒளித்தொகுப்பில கிட்டத்தட்ட பாதி கடல்ல இதுகளாலதான் நடக்குது. சூடையும் நெத்தலியும் கரைவலையில வாறதுக்கும் அடியில இதுதான் இருக்கு.

வருசா வருசம் புராஜெக்ட் செய்யிற தம்பி தங்கச்சிமார் கேட்பாங்க, "அண்ணே எத்தின லீட்டர் எடுக்கணும், எந்த லென்ஸ்ல பாக்கணும்" எண்டு. நல்ல கேள்விதான், ஆனா நீங்க எடுத்தது கடல்தண்ணியா வாவித்தண்ணியா எண்டு எப்பிடித் தெரியும் எண்டு நான் திருப்பிக் கேட்டா ஒருத்தரும் வாய் திறக்கிறல்ல. அதால இத முதல்ல இருந்து எழுதுறன். மட்டக்களப்பு, அம்பாறை கரையில புதுசா இறங்குறவங்களுக்கு இது.

போறதுக்கு முதல்

மட்டக்களப்பு வாவி 50 கிலோமீட்டருக்கும் மேல நீளம், கடலோட சேருற இடம் ரெண்டுதான். ஒண்டு பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் இருக்கிற முகத்துவாரம், மற்றது தெற்கில கல்லாறுப் பக்கம். கோடையில மணல் சேர்ந்து வாய் மூடிரும், மழை பெய்ஞ்சு வாவி நிரம்பினா தானா உடையும், இல்லாட்டி வயல் தாழுதெண்டு வெட்டி விடுவாங்க. அம்பாறைப் பக்கம் பொத்துவில், கோமாரி, அறுகம்பைக் களப்புகளுக்கும் இதே கதைதான். வாய் மூடியிருக்கிற நாள் கரையில எடுக்கிற தண்ணிக்கும், வெட்டின மூணாம் நாள் அதே இடத்தில எடுக்கிற தண்ணிக்கும் சம்பந்தமே இல்ல. வெட்டின உடன வயல் உரம், சேறு, ஊர்க்கழிவு எல்லாத்தோடயும் மாசக்கணக்கா அடைஞ்சு கிடந்த தண்ணி கடலுக்குள்ள பாயுது, அதோட வாவிக்குள்ள வளர்ந்த பிளாங்டனும் சேர்ந்து வருது. நீங்க கடல் எண்டு நினைச்சு எண்ணுறது முழுக்க வாவியில பிறந்ததா இருக்கும்.

அப்ப முதல் வேலை, கொப்பில ஒரு பக்கம் ஒதுக்கி வாய் எப்ப மூடினது, எப்ப திறந்தது எண்டு எழுதத் தொடங்குறது. ஒஃபீஸ் ஒஃபீஸா ஏறி இறங்கத் தேவையில்ல, முகத்துவாரத்தில வலை வீசுற ஆக்களிட்ட கேட்டாப் போதும், நாளோட சொல்லுவாங்க.

இடம் தெரிவு செய்யிறதுக்கு என்ட கருத்து, குறைய எடுங்க, திருப்பித் திருப்பி எடுங்க. வாகரையில இருந்து பாணமை வரைக்கும் ஒருக்காப் போய் 20 போத்தல் நிரப்புறதைவிட, முகத்துவாரம், அதுக்கு நேர கொஞ்சம் வெளிய, இன்னும் வெளிய நீலத்தண்ணி எண்டு ஒரே கோட்டில மூணு இடத்தை மாசம் ஒருக்கா ஒரு வருசம் பார்த்தா எவ்வளவோ விளங்கும். வாய் வெட்டுற கிழமையில மட்டும் ரெண்டு மூணு தரம் கூடப் போங்க. பாசிக்குடா மாதிரி ஆழமில்லாத, அலை குறைஞ்ச குடாவை ஒப்பிடுறதுக்கு எடுக்கலாம், நல்லம். காயான்கேணிப் பக்கம் கடல் சரணாலயம் இருக்கு, அங்க எடுக்கிறதெண்டா வனஜீவராசிகள் திணைக்களத்திட்ட அனுமதி எடுத்துத்தான் போகணும்.

நேரமும் முக்கியம். நம்மட கரையில கடல் பெருகுறதுக்கும் வத்துறதுக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், அதால கன பேர் கணக்கில எடுக்கிறல்ல. ஆனா முகத்துவாரத்துக்கு அந்தக் கொஞ்சமே போதும், பெருகேக்க கடல்தண்ணி உள்ள ஏறும், வத்தேக்க வாவித்தண்ணி வெளிய இறங்கும், காலமையும் பின்னேரமும் ஒரே இடத்தில எடுத்தா ரெண்டு விதமா வரும். எப்பவும் கடல் ஒரே நிலையில இருக்கிற நாளாப் பார்த்து, காலமை 7, 8 மணிபோல எடுத்துப் பழகுங்க.

சாமான்

பிளாங்டன் வலை எண்டா 20 மைக்ரோன் கண் (ஒரு மைக்ரோன் எண்டா மில்லிமீட்டர்ல ஆயிரத்தில ஒரு பங்கு). வாங்க ஏலாட்டி தைக்கலாம், துணி வாங்கேக்க கண் எத்தின மைக்ரோன் எண்டு கேட்டு வாங்குங்க, ஸ்கிரீன் பிரிண்டிங் துணியில கண் பெருசா இருந்தா பாதி உயிர் வெளிய போயிரும். வலை வாய்க்கு ஒரு கம்பி வளையம், வால்ல ஒரு சின்னப் போத்தல், அவ்வளவுதான்.

வாளி ஒண்டு, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, உப்புப் பாக்கிற ரிஃப்ராக்டோமீட்டர், தெர்மோமீட்டர், இடத்தைக் குறிக்க ஃபோன். உப்பு மீட்டரை ஒவ்வொரு நாளும் காய்ச்சி வடிச்ச தண்ணில வெச்சு பூச்சியத்துக்குக் கொண்டு வந்துட்டுத்தான் போகணும், இதைச் செய்யாம வந்த நம்பரை நான் நம்புறல்ல.

புறகு தண்ணி எவ்வளவு தெளிவு எண்டு பாக்கிற செக்கி தட்டு. 20 சென்றிமீட்டர் வட்டத்தகடு, நாலாப் பிரிச்சு கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பெயின்ட் அடிச்சு, நடுவில கயிறு, கீழ ஒரு பாரம். 1865ல செக்கி எண்ட இத்தாலிப் பாதிரியார் போப்பாண்டவரின் கப்பல்ல போய்ச் செய்து பார்த்த விசயம், இண்டைக்கும் இதைவிட மலிவான கருவி ஒண்டும் இல்ல. தட்டு மறையிற ஆழத்தையும் திரும்பத் தெரியிற ஆழத்தையும் எடுத்து நடுவைப் போடுங்க. அதை 2.5 இல்லாட்டி 3ஆல பெருக்கினா மேல் வெளிச்சத்தில 100ல ஒரு பங்கு மிஞ்சுற ஆழம் பருமட்டா வரும், பிளாங்டன் பிழைக்கிற ஆழம் ஏறக்குறைய அதுவரைக்கும்தான்.

போத்தல் மண்ணிறக் கண்ணாடியா இருக்கட்டும். பிளாஸ்டிக், கெட்டுப்போகாம இருக்க நாம புறகு விடுற அயோடினை உறிஞ்சும், ரெண்டு மூணு மாசத்தில நிறம் போய் உள்ள இருக்கிறது அழுகிரும்.

தண்ணி எடுக்கிறது

ஒரு மார்கழி மாசம், வாய் வெட்டி ஒரு கிழமை இருக்கும், ஃபைபர் போட்ல போனம். நான் ஜிபிஎஸ்ஸப் பார்த்துக்கொண்டு "இஞ்ச நிப்பாட்டுங்க ஐயா" எண்டன். ஓட்டிக்கொண்டு வந்தவர் சிரிச்சிட்டுச் சொன்னார், "மனே, அந்த நுரைக் கோட்டைப் பாரு. அதுக்கு இஞ்சால அள்ளினா ஆத்துத்தண்ணிதான், கடல் அங்கால கிடக்கு." உண்மைதான், ஒரு பக்கம் மண்ணிறம், மற்றப்பக்கம் பச்சை கலந்த நீலம், நடுவில நுரையும் குப்பையும் ஆத்துவாழையும் வரிசையா ஒதுங்கி நிக்குது. இஞ்சால உப்பு ஆயிரத்துக்கு 14, கோட்டுக்கு அங்கால கொஞ்சத் தூரத்தில 31. என்ட வரைபடத்தில ரெண்டும் ஒரே புள்ளி. அண்டையில இருந்து நான் இடத்தை முதல் உப்பைப் பார்த்து, புறகு ஜிபிஎஸ்ஸைப் பார்த்துத்தான் குறிக்கிறன். நீங்களும் மழைக்காலத்தில அந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு போத்தல் எடுங்க.

எடுக்கேக்க எஞ்சினை நிப்பாட்டி, காத்து வாற பக்கமா நிண்டு, வாளியை அரை மீட்டர் போல தாழ்த்தி அள்ளுங்க. மேல் தோல்ல இருக்கிற எண்ணெய்ப் படலம், தூசு ஒண்டும் வேண்டாம். எண்ணுறதுக்கு 1 லீட்டர் அப்பிடியே போத்தல்ல.

வலை வேற வேலைக்கு. போட்டுக்குப் பின்னால மெதுவா, ஆள் நடக்கிற வேகத்திலயும் குறைவா 5 நிமிசம் இழுங்க, இல்லாட்டி 50 லீட்டர் தண்ணியை வாளியால வலைக்குள்ள ஊத்துங்க. வலையில வாறது ஆர் ஆர் இருக்கிறாங்க எண்டு பாக்கத்தான். எத்தின பேர் எண்டு அதை வெச்சுச் சொல்லாதீங்க, 20 மைக்ரோனுக்குக் கீழ உள்ளதெல்லாம் ஓடிரும், மழைக்காலத்தில சேறு வலைக்கண்ணை அடைச்சிரும், எவ்வளவு தண்ணி உள்ள போனது எண்டே தெரியாது. இன்னொண்டையும் மனசில வெச்சுக்கொள்ளுங்க, வெளிக்கடலின் தெளிஞ்ச நீலத்தண்ணில பெரும்பங்கு 2 மைக்ரோனுக்கும் சின்னனான பிக்கோ கூட்டம்தான். அதில புரோக்ளோரோகொக்கஸ் எண்டது 1988லதான் உலகத்துக்கே தெரிய வந்தது, அவ்வளவு சின்னன். நம்மட மைக்ரோஸ்கோப்பில அது தெரியாது. அதால "வெளிக்கடல்ல பிளாங்டன் இல்ல" எண்டு ரிப்போட்ல எழுதிடாதீங்க, "20 மைக்ரோனுக்கு மேல குறைவு" எண்டு எழுதுங்க.

போட் கிடைக்காம கரையில நிண்டு எடுக்கிறவங்களுக்கு ஒரு விசயம். அலை உடையிற இடத்தில மணலோட ஒட்டி வாழுற நாவிக்குலா, நிட்ஸ்கியா, ப்ளூரோசிக்மா எல்லாம் கிளம்பி மேல வரும், அதுகள் பிளாங்டன் இல்ல, அடித்தளத்து ஆக்கள். எண்ணுங்க, ஆனா வேறயாக் குறிச்சு வைங்க. வாவிப்பக்கம் இறங்கிறதெண்டா முதலை இருக்கிற இடமா எண்டு ஊராக்களிட்ட கேட்காம முழங்கால் தண்ணிக்குக்கூட இறங்காதீங்க, போட்ல லைஃப் ஜாக்கெட் இல்லாம ஏறாதீங்க. அவ்வளவுதான் சொல்லுவன்.

கெட்டுப்போகாம வைக்கிறது

எடுத்த தண்ணி அழுகாம இருக்க விடுற அயோடின் கரைசலுக்குப் பேர் லூகோல், அதை நீங்களே செய்யலாம். பொட்டாசியம் அயோடைட் 20 கிராம், அயோடின் 10 கிராம், காய்ச்சி வடிச்ச தண்ணி 200 மி.லீ., கடைசியா அசெற்றிக் அமிலம் 20 மி.லீ. முதல்ல அயோடைட்டைக் கொஞ்சத் தண்ணில கரைச்சிட்டுத்தான் அயோடினைப் போடணும், மாறிப் போட்டா கரையாம அடியில கிடக்கும். 100 மி.லீ. தண்ணிக்கு 1 மி.லீ. கணக்கு. ஆனா கணக்கை விட நிறத்தைப் பாருங்க, தண்ணி கூடின பிளேன்டீ நிறம் வரணும். வெளுத்தா இன்னும் சொட்டு விடுங்க. கறுப்பா வந்தா கூடிட்டுது, அதுக்குள்ள ஒண்டும் தெரியாது. அயோடின் ஏறினா உயிர் பாரமாகிக் கெதியாப் படியும், அது நமக்கு லாபம். சுண்ணாம்பு ஓடு உள்ள கொக்கோலித்தோஃபோர் வகை மட்டும் இந்த அமிலத்தில கரைஞ்சு போயிரும், அதுகள் வேணுமெண்டா அமிலம் சேர்க்காம வேறயாச் செய்யணும்.

ஃபோர்மலின் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன், புற்றுநோய் வரவைக்கிற சாமான், மூடின லேப்ல மணந்துகொண்டு இருக்க ஏலாது.

லேபல் விசயத்தில நான் பட்டுத் திருந்தினவன். முதல் வருசம் 12 போத்தல்ல மார்க்கர் பேனையால வெளிய எழுதினன், ஐஸ் பெட்டியில ஈரம் பட்டு எல்லாம் அழிஞ்சு, எது கல்லாறு எது பாலமீன்மடு எண்டு தெரியாம அவ்வளவையும் ஊத்தினன். இப்ப பென்சிலால தடிச்ச கடதாசியில எழுதி, போத்தல் கழுத்தில கட்டி, மூடியில நம்பரும் போடுறது. திகதி, நேரம், இடம், உப்பு, வெப்பம், செக்கி ஆழம், கடல் பெருகுதா வத்துதா, வாய் திறந்ததா மூடினதா.

ஒரு சின்னப் போத்தல்ல லூகோல் போடாம உயிரோட கொண்டு வாங்க, நிழல்ல வெச்சு, அண்டைக்கே பாக்கணும். செத்துக் கபில நிறமானதை அடையாளம் பிடிக்கிறதுக்கு முதல், வால் மாதிரி இழையால நீந்திச் சுத்துற டைனோஃபிளாஜலேட்டை உயிரோட ஒருக்காப் பார்த்தவங்க மறக்க மாட்டாங்க.

எண்ணுறது

1 லீட்டர் சிலிண்டர்ல ஊத்தி, ஆடாத மேசையில, வெளிச்சம் படாம 48 மணித்தியாலம் விடுங்க, மூணு நாள் விட்டா இன்னும் நல்லம். மறுகா மெல்லிய குழாயால மேல்தண்ணியை மெதுவா இழுத்து எடுங்க, அவசரப்பட்டா அடியில படிஞ்சது கிளம்பும். அடியில 20 மி.லீ. மிஞ்சினாச் சரி.

செட்ஜ்விக் ராஃப்டர் தட்டு எண்டு ஒண்டு இருக்கு, 50 மில்லிமீட்டர் நீளம், 20 அகலம், 1 ஆழம், அதுக்குள்ள சரியா 1 மி.லீ. பிடிக்கும், 1000 கட்டம். போத்தலை மெதுவா ஒரு 20 தரம் கவுத்து நிமித்தி, தட்டை நிரப்பி, 15 நிமிசம் படிய விட்டு எண்ணத் தொடங்குங்க. உதாரணத்துக்கு 100 கட்டத்தில கீட்டோசெரஸ் எண்ட சங்கிலியா வளருற வகை 48 செல் வந்தா, முழுத்தட்டுக்கு 480, அதை 20ஆல பெருக்க 9600. அதுதான் 1 லீட்டருக்கு உள்ள கணக்கு. சங்கிலியை ஒண்டா எண்ணாதீங்க, சங்கிலிக்குள்ள இருக்கிற செல்லை எண்ணுங்க, இதில பிழைச்சா எல்லாம் பிழைச்சது.

எத்தின செல் எண்ணினாப் போதும்? மொத்தம் 400 எண்ணினா பிழை ஏறக்குறைய நூத்துக்கு 10 கூடக் குறைய. 100 எண்ணினா 20. 400க்கு மேல உங்கட கண்ணுதான் போகும்.

தலைகீழ் மைக்ரோஸ்கோப் இருக்கிற லேப் கிடைச்சா உட்டர்மோல் முறையில செய்யுங்க, படிய விட்ட அறையைக் கீழ இருந்து பாக்கிறது, சின்னனுகள் நல்லாத் தெரியும். வந்தாறுமூலைப் பக்கமோ ஒலுவில் பக்கமோ கம்பஸ்ல தெரிஞ்ச ஆக்கள் இருந்தா முதல்லயே கதைச்சு வைங்க, பரீட்சை நேரம் போய் நிண்டா ஒருத்தரும் நேரம் தரமாட்டாங்க.

ஆர் இவங்க

பெயர் பிடிக்கிறதில கன பேர் பயப்படுறாங்க. சாதிப்பேர் வரைக்கும் போதும், இனப்பேர் வரைக்கும் போறதெண்டா சில டயட்டத்துக்கு எலக்ட்ரோன் மைக்ரோஸ்கோப் வேணும், சூடோ நிட்ஸ்கியா அப்பிடித்தான்.

டயட்டம் எண்டா கண்ணாடி ஓடு உள்ள ஆக்கள், ஓடு சிலிக்காவால செய்தது. ரெண்டு ரூபாக் குத்தி மாதிரி வட்டமா, உள்ள தேன்கூடு போல கோலம் இருந்தா காசினோடிஸ்கஸ். மூலையில இறால் மீசை மாதிரி நீட்டு மயிரோட சங்கிலியாப் போனா கீட்டோசெரஸ். மணி கோத்த மாதிரி மெல்லிய சங்கிலி ஸ்கெலட்டோனீமா, உப்பு ஏறி இறங்குற இடத்தில தாக்குப்பிடிக்கிற ஆள், முகத்துவாரத்தில தேடிப் பாருங்க. தையல் ஊசி மாதிரி ரைசோசொலேனியா. கொஞ்சம் நெளிஞ்ச தோணி மாதிரி ப்ளூரோசிக்மா. டைனோஃபிளாஜலேட்டில மூணு கொம்போட நங்கூரம் மாதிரி இருந்தா செரேஷியம், இப்ப புத்தகங்கள்ல ட்ரைப்போஸ் எண்டும் போடுறாங்க, ரெண்டும் ஒண்டுதான், குழம்பாதீங்க. டைனோஃபைசிஸ் கண்டா மட்டும் நிண்டு ரெண்டாந்தரம் எண்ணுங்க, மட்டி சாப்பிடுற ஆக்களுக்கு வயித்தைக் கலக்குற நஞ்சு செய்யிற கூட்டம் அதுக்குள்ள இருக்கு, லீட்டருக்குக் கொஞ்சம் இருந்தாலே கவனிக்கிற விசயம்.

கடல் ஆடாம அசையாமக் கிடக்கிற நாள்ல மரத்தூள் கொட்டின மாதிரி மஞ்சள் மண்ணிறக் கோடு மிதந்தா அது பெரும்பாலும் ட்ரைக்கோடெஸ்மியம், நூல்கட்டு மாதிரித் தெரியும், காத்தில இருக்கிற நைதரசனைப் பிடிச்சு உரமாக்குற நீலப்பச்சைக் கூட்டம். எண்ணெய்க் கசிவு எண்டு பயந்து ஃபோன் எடுத்த ஆக்களையும் எனக்குத் தெரியும். ராவில அலை நீலமா மின்னினா நாக்டிலூக்கா தேடுங்க, சவ்வரிசி மாதிரி உருண்டை, வெறுங்கண்ணுக்கே தெரியிற அளவுக்கும் வளரும். அதில சிவப்பு வகை சமைக்கிற ஆள் இல்ல, மற்ற பிளாங்டனைப் பிடிச்சுத் தின்னுற ஆள், அதால கணக்கில தனியா வைங்க.

வந்த நம்பரை வாசிக்கிறது

ஐப்பசியில இருந்து தை வரைக்கும் நமக்கு மழை. ஆத்துத்தண்ணி சிலிக்காவும் நைதரசனும் பொஸ்பரசும் கொண்டு வரும், டயட்டத்துக்கு விருந்து. ஆனா அதே தண்ணி சேறும் கொண்டு வருது, செக்கி தட்டு ஒரு மீட்டர்ல மறைஞ்சா சாப்பாடு இருந்தும் வெளிச்சம் இல்ல. அதால வெட்டின உடன எண்ணிக்கை எகிறும் எண்டு எதிர்பாக்காதீங்க, சேறு படிஞ்சு தண்ணி தெளியத் தொடங்கேக்கதான் டயட்டம் பிடிக்கிறதுக்கு இடம் கிடைக்கும். அந்த நேரம் வங்காள விரிகுடாவில இருந்து உப்புக் குறைஞ்ச தண்ணியும் நம்மட கரையோரமாத் தெற்க இறங்குது. ஆக வெளிய உப்பு 35க்குக் கீழ வந்ததுக்கு வாவி மட்டும் காரணம் எண்டு எழுத ஏலாது. வாய் மூடியிருக்கிற நாள்ல எழுதின உப்புக் கணக்கு கையில இருந்தா ரெண்டையும் பிரிக்கலாம், அதுக்குத்தான் தொடக்கத்தில அந்தக் கொப்பு.

எத்தின வகை இருக்கு, அதுகள் எவ்வளவு சமமாப் பிரிஞ்சிருக்கு எண்டு ஒரே நம்பர்ல காட்டுற ஷானன் சுட்டெண் எல்லாரும் போடுறாங்க. நாலு வகை, ஒவ்வொண்டும் 25 வீதம் எண்டா 1.39 வரும். அதே நாலு வகையில ஒண்டு 97, மற்றது ஒவ்வொண்டு எண்டா 0.17. குறைஞ்சு வந்தா உடன மாசு எண்டு எழுதுறாங்க, அது அவசரம். நல்ல கடல்லயும் டயட்டம் பெருகுற நாள்ல ஒரே ஆள்தான் நிப்பார்.

குளோரோஃபில் பாக்கிறதெண்டா கண்ணாடிநார் ஃபில்டர்ல வடிச்சு, 90 வீத அசிற்றோன்ல போட்டு இருட்டில ஃபிரிட்ஜில ஒரு ராவு வெச்சு, வெளிச்சத்தை எவ்வளவு உறிஞ்சுது எண்டு அளக்கிற ஸ்பெக்ட்ரோவில வாசிங்க. முதல்ல 750 நானோமீட்டர் அலைநீளத்தில வாற அளவை மற்றதுகள்ல இருந்து கழிச்சிட்டு, 664ஐ 11.85ஆல பெருக்கி, அதில இருந்து 647இன் 1.54 மடங்கையும் 630இன் 0.08 மடங்கையும் கழிக்கணும். அது அசிற்றோன் சாறுக்குள்ள இருக்கிற அளவு. சாறு எத்தின மி.லீ., வடிச்ச தண்ணி எத்தின லீட்டர் எண்டதை வெச்சு கடல்தண்ணிக்கு மாத்தணும், இந்தக் கடைசிப் படியை விடுற ஆக்கள்தான் கூட. சற்றலைட் படத்தில இருந்து குளோரோஃபில் எடுக்கலாம்தான், 2002ல இருந்து எடுத்த மோடிஸ் (நாசா சற்றலைட்ல இருக்கிற கருவி) படம் சும்மாவே கிடைக்குது, ஆனா முகத்துவாரத்துக்குக் கிட்ட சேத்துத் தண்ணியையும் வாவியின் சாயத்தண்ணியையும் அது பச்சை எண்டு பிழையா வாசிக்கும். வெளிக்கடலுக்கு வைங்க, கரைக்கு உங்கட போத்தல்.

வீட்ட வந்தா வலையை நல்ல தண்ணில மூணு தரம் அலசி நிழல்ல காயப்போடுங்க. வெயில்ல போட்டா துணி இத்துப் போகும், முந்தின நாள் பாசிக்குடாத் தண்ணி அலசாமக் கிடந்தா அடுத்த நாள் ஒலுவில் போத்தல்ல பாசிக்குடா டயட்டம் வரும். எண்ணி முடிச்ச போத்தலையும் ஊத்திடாதீங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா நிறம் பார்த்து ரெண்டு சொட்டு லூகோல் விட்டு இருட்டு அலுமாரியில வைங்க.